முழங்கால் என்றால் விதி, குடி என்றால் குணமா? ஜார்ஜ் பெஸ்ட்டும் அவருடைய ரசிகர்களும்

அறுபதுகளின் கால்பந்து நட்சத்திரம் ஜார்ஜ் பெஸ்ட் பற்றிப் பேச்சு வந்தால், அவர் ஆடிய இங்கிலீஷ் அணியான மான்செஸ்டர் யுனைடெட்டின் பழைய ரசிகர்கள் பெரும்பாலும் இரண்டு கதைகளில் ஒன்றை எடுப்பார்கள். ஒன்று, 1966 மார்ச் 9 அன்று லிஸ்பனில் பென்ஃபிகாவுக்கு எதிராக நடந்த ஆட்டம். சொந்த மைதானத்தில் தோற்கடிக்கவே முடியாத அணி என்று பெயர் வாங்கியிருந்த பென்ஃபிகாவை யுனைடெட் 5-1 என்று வென்றது. முதல் கால் மணி நேரத்துக்குள் பெஸ்ட் இரண்டு கோல் போட்டுவிட்டார். அப்போது அவருக்கு வயது 19. இன்னொன்று ஹோட்டல் அறைக் கதை. கட்டிலில் சூதாட்டத்தில் ஜெயித்த பணம் இறைந்து கிடக்கிறது, பக்கத்தில் ஒரு முன்னாள் உலக அழகி, ஷாம்பெயின் கொண்டுவந்த வயதான பணியாள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "எங்கே எல்லாம் தப்பாகப் போச்சு, ஜார்ஜ்?" என்று வருத்தத்தோடு கேட்கிறார்.

இந்தக் கதையைப் பெஸ்ட்டே மேடை மேடையாகச் சொல்லிவந்தார். கேட்டவர்கள் ஒவ்வொரு தடவையும் சிரித்தார்கள். அந்தப் பணியாள் ஒரு அப்பாவி என்று நினைத்துக்கொண்டால்தான் இதில் சிரிப்பு வரும். ஆனால் அறையில் இருந்தவர்களில் சரியான கேள்வியைக் கேட்டது அவர் ஒருவர்தான். கதை நடந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் பெஸ்ட் யுனைடெட்டை விட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

ரசிகர்களின் நினைவில் அவருடைய குடி இப்படித்தான் தங்கியிருக்கிறது, ஒரு வேடிக்கைக் கதையாக. மதுவிலும் பெண்களிலும் கார்களிலும் நிறையச் செலவழித்தேன், மிச்சத்தை வீணடித்துவிட்டேன் என்ற அவருடைய புகழ்பெற்ற வசனமும் அதே வகைதான். இவற்றை உருவாக்கியவர் நோயாளியே என்பதைக் கவனிக்க வேண்டும். குடிநோயாளிகள் தங்கள் குடியைத் தாங்களே கேலி செய்து, அடுத்தவர் கேள்வி கேட்பதற்கு முன்பே முந்திக்கொள்வது புதிய விஷயமில்லை. இவருக்கு மட்டும் அந்தக் கேலிக்கு லட்சக்கணக்கான பார்வையாளர்கள் கிடைத்தார்கள்.

முதலில் ஆட்டத்தைப் பார்த்துவிடலாம். பெஸ்ட் பிறந்தது 1946 மே 22, வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில். கிரெகா குடியிருப்பில் வளர்ந்த ஒல்லிப் பையன். உடம்பு போதாது என்று உள்ளூர் அணியான கிளென்டோரன் வேண்டாம் என்றது. யுனைடெட்டுக்காக அங்கே இளம் ஆட்டக்காரர்களைத் தேடிவந்த பாப் பிஷப், 1961இல் மேலாளர் மேட் பஸ்பிக்குத் தந்தி அடித்தார்: ஒரு மேதையைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்கிறேன் என்று. பதினைந்து வயதுப் பையன் மான்செஸ்டர் போனான், வீட்டு ஏக்கம் தாங்காமல் உடனே கப்பலேறித் திரும்பினான், மறுபடியும் போனான். 1963 செப்டம்பர் 14 அன்று, 17 வயதில், வெஸ்ட் பிராமிச் ஆல்பியனுக்கு எதிராக முதல் ஆட்டம். அதன் பிறகு 1965லும் 1967லும் லீக் பட்டங்கள், 1968 மே 29 அன்று வெம்ப்லியில் ஐரோப்பியக் கோப்பை. அந்த இறுதி ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் பென்ஃபிகாவின் கோல்கீப்பரையும் தாண்டிப் போய் அவர் போட்ட கோல்தான் வெற்றிக்கு வழி திறந்தது. அந்த வருடத்தின் ஐரோப்பியச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. வயது 22.

அவர் ஓரத்தில் ஆடும் விங்கர்தான். ஆனால் அந்த 1967-68 சீசனில் லீக்கில் மட்டும் 28 கோல் அடித்தார். இரண்டு காலாலும் உதைப்பார், தலையாலும் முட்டுவார், பந்தைப் பறிகொடுத்தால் துரத்திப்போய் மீட்பார். அன்றைய மைதானங்கள் பாதி சீசன் சேறாகவே இருக்கும். பின்னாலிருந்து காலைத் தட்டிவிடும் டிஃபெண்டர்களுக்கு நடுவர்கள் பெரிதாகத் தண்டனை கொடுக்காத காலம் அது. பழைய படச்சுருள்களைப் பார்த்தால், இரண்டு பேர் ஒரே நேரத்தில் காலை நீட்டியும் அவர் விழாமல் ஓடுவது தெரியும். எனக்கு அவருடைய கோல்களைவிட அந்த விழாமைதான் பெரிய அதிசயம்.

இதற்குப் பிறகுதான் ரசிகர்கள் பெருமூச்சு விடும் பகுதி. 1969இல் பஸ்பி மேலாளர் பொறுப்பிலிருந்து விலகினார். ஐரோப்பாவை வென்ற அணிக்கு வயதாகிக்கொண்டிருந்தது. அடுத்தடுத்து வந்த மேலாளர்கள் நிலைக்கவில்லை. 1970 பிப்ரவரியில் நார்தாம்டனுக்கு எதிராக 8-2 என்று யுனைடெட் ஜெயித்த, இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பை ஆட்டத்தில் பெஸ்ட் தனியாளாக ஆறு கோல் போட்டார். ஒழுங்கு நடவடிக்கையால் நான்கு வாரம் ஆட முடியாமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்த ஆட்டம் அது. இந்த ஆறு கோல் கதை ஒரு தீங்கும் செய்தது என்று நினைக்கிறேன். என்ன ஆனாலும் இவன் வந்து ஆடிவிடுவான் என்ற நம்பிக்கையை எல்லோருக்கும், அவருக்குமே, கொடுத்துவிட்டது. 1971 ஜனவரியில் செல்சி ஆட்டத்துக்குப் போகும் ரயிலைத் தவறவிட்டு, லண்டனில் ஒரு நடிகையின் வீட்டில் வார இறுதியைக் கழித்தார். பத்திரிகைக்காரர்கள் வாசலில் காத்துக் கிடந்தார்கள். 1972 மே மாதம், 26 வயது முடியும் நேரத்தில், ஸ்பெயினிலிருந்து ஓய்வை அறிவித்தார். திரும்பி வந்தார். டிசம்பரில் மறுபடியும் விலகினார். 1973இல் மறுபடியும் வந்தார். 1974 ஜனவரி 1 அன்று குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸிடம் 3-0 என்று தோற்றதுதான் யுனைடெட்டுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம். வயது 27. அந்த சீசன் முடிவில் யுனைடெட் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.

குடி ஒரு ஆட்டக்காரரின் வாழ்க்கையை எப்படிச் சுருக்குகிறது? கல்லீரல் கெட்டுப்போய்த்தான் ஆட்டம் முடிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது கடைசியில் நடப்பது. அதற்கு வெகு முன்பே வேறு விஷயங்கள் நடந்துவிடும். ஆட்டம் முடிந்த இரவு அதிகமாகக் குடித்தால், தசைகளில் செலவான சக்தி மறுபடி நிரம்புவது தாமதமாகும், சிறு கிழிசல்கள் ஆறுவது மெதுவாகும், தூக்கம் வந்த மாதிரி இருந்தாலும் அது ஆழமான தூக்கமாக இருக்காது. இருபது வயது உடம்பு இதையெல்லாம் சில வருடங்கள் மறைத்து வைக்கும். நின்ற இடத்திலிருந்து சட்டென்று வேகமெடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு விங்கருக்கு, அந்த முதல் இரண்டு அடியில் கொஞ்சம் மந்தம் தட்டினாலும் கதை மாறிவிடும். பெஸ்ட் விஷயத்தில் கால்கள் போவதற்கு முன்பே ஆளே வராமல் போனார். பயிற்சிக்கு வராத நாட்கள், தவறிய ரயில்கள், அப்புறம் காணாமல் போகும் வாரங்கள். திறமை இருந்தது, அதைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வர வேண்டிய மனிதர்தான் இல்லை.

இங்கே ஒரு எதிர்வாதத்தையும் சொல்ல வேண்டும். 27 வயதில் வெளியேறியபோது அவர் யுனைடெட்டுக்காக 470 ஆட்டங்கள் ஆடி 179 கோல்கள் போட்டிருந்தார். பல நல்ல ஆட்டக்காரர்களின் முழு வாழ்நாள் கணக்கே இவ்வளவு வராது. பதினேழில் தொடங்கியவருக்குப் பதினொரு சீசன் என்பது குறையில்லை என்று சிலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதோடு அவர் ஆடுவதை நிறுத்தவும் இல்லை. ஸ்டாக்போர்ட், ஃபுல்ஹாம், லாஸ் ஏஞ்சலஸ், ஃபோர்ட் லாடர்டேல், எடின்பரோவின் ஹிபர்னியன், சான் ஹோசே என்று அடுத்த பத்து வருடமும் சட்டை மாற்றி மாற்றி ஆடினார். 1981இல் சான் ஹோசேக்காக, நெருக்கமாக நின்ற டிஃபெண்டர்கள் கூட்டத்துக்குள் இப்படியும் அப்படியும் நெளிந்து அவர் போட்ட கோலை இன்றும் பார்க்கலாம். 35 வயது, கனத்த உடம்பு, அப்போதும் யாராலும் பந்தை எடுக்க முடியவில்லை. இதைப் பார்த்துவிட்டு ரசிகர்கள் இரண்டாகப் பிரிவார்கள். பார், எவ்வளவு மிச்சம் இருந்தது என்று சிலர். பார், ஒன்றும் போய்விடவில்லை என்று சிலர். நான் முதல் கட்சி.

இப்போது இன்னொரு பெல்ஃபாஸ்ட் பையனைக் கொண்டுவருகிறேன், ஏனென்றால் அவர் இல்லாமல் இந்தப் பேச்சு ஒருபக்கமாகவே போகும். நார்மன் வைட்சைட். அதே நகரம். அவரையும் கண்டெடுத்தது அதே பாப் பிஷப். சேர்ந்ததும் அதே யுனைடெட். 1982 உலகக் கோப்பையில் 17 வயது 41 நாட்களில் வட அயர்லாந்துக்காகக் களமிறங்கி, பெலேவின் சாதனையை முறியடித்து, உலகக் கோப்பையில் ஆடிய மிக இளையவர் ஆனார். பெஸ்ட் உலகக் கோப்பையில் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. 1985 எஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டத்தில், பத்துப் பேராகக் குறைந்துபோன யுனைடெட்டுக்குக் கூடுதல் நேரத்தில் எவர்ட்டனுக்கு எதிராக வெற்றிக் கோல் போட்டவர் வைட்சைட். முழங்கால் திரும்பத் திரும்பக் கெட்டது. 1991இல், 26 வயதில், ஆட்டத்தை விட்டார். பெஸ்ட் யுனைடெட்டை விட்ட வயதைவிட ஒரு வயது குறைவு.

வைட்சைட்டைப் பற்றி ரசிகர்கள் பேசும்போது குரல் மாறிவிடும். பாவம், அந்த முழங்கால் மட்டும் நன்றாக இருந்திருந்தால் என்பார்கள். யாரும் அவர் தன் வாழ்க்கையை வீணடித்ததாகச் சொல்வதில்லை. பெஸ்ட்டைப் பற்றிப் பேசும்போது, எல்லாம் கையில் இருந்தும் தொலைத்துவிட்டான் என்று வரும், அல்லது அந்த ஹோட்டல் அறைக் கதை வரும். இத்தனைக்கும் எண்பதுகளின் யுனைடெட்டில் குடி தாராளமாகப் புழங்கியது ஊரறிந்த விஷயம், வைட்சைட்டும் அந்த அணியில்தான் இருந்தார். ஆனால் முழங்கால் என்றால் விதி, குடி என்றால் குணம் என்று ரசிகர் மனம் கணக்கை முடித்துக்கொள்கிறது.

அந்தக் கணக்கு சரியா? பெஸ்ட்டின் அம்மா ஆன், நாற்பது வயதைத் தாண்டும்வரை மதுவைத் தொடாதவர். பிறகு குடிக்க ஆரம்பித்தார், 1978இல் ஐம்பதுகளின் நடுவில் குடி தொடர்பான நோயால் இறந்தார். குடிநோயில் பரம்பரைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மருத்துவம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பரம்பரை மட்டும் காரணமில்லை, ஆனால் அதற்கும் பங்குண்டு. மகனின் பேரும் புகழும் பத்திரிகைக்காரர்களை அந்த வீட்டு வாசலுக்கும் கொண்டுவந்தன. அம்மாவின் சாவுக்குத் தானும் காரணம் என்று பெஸ்ட் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் மேடைக் கதைகளில் வராது.

அப்புறம் சூழ்நிலை. 1961 ஜனவரியில்தான் இங்கிலாந்தில் ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு இருந்த உச்சவரம்பு, அதாவது வாரத்துக்கு 20 பவுண்டு, நீக்கப்பட்டது. பெஸ்ட் மான்செஸ்டருக்குப் போனதும் அதே வருடம். ஒரு தொழிலாளர் குடும்பத்துப் பையனுக்குப் பாப் பாடகர் அளவுக்குப் பணமும் புகழும் கிடைத்தால் என்ன செய்வது என்று அவருக்கு முன்னால் போய்ப் பார்த்துச் சொல்ல ஆளே இல்லை. துணிக்கடை, இரவு விடுதி, விளம்பரம் எல்லாம் வந்தன. அவரைக் கவனிக்க கிளப்புக்குத் தெரிந்த ஒரே வழி, வாடகை வீட்டுக்காரம்மா ஒருவரிடம் மறுபடி அனுப்பிவைப்பது. 1972இல்கூட அதைத்தான் முயன்றார்கள். அந்தக் காலத்து இங்கிலீஷ் கால்பந்தில் குடி ஒரு விதிமீறலே இல்லை. ஜெயித்தால் குடி, தோற்றால் குடி, புதிய ஆள் அணியில் கலந்துவிட்டானா என்று பார்க்கவும் குடி. ஓய்வுபெற்றவர்களில் பலர் பப் நடத்தித்தான் பிழைத்தார்கள். ஸ்காட்லாந்தின் ஜிம் பாக்ஸ்டரும் அப்படித்தான். 1967இல் வெம்ப்லியில், உலக சாம்பியனான இங்கிலாந்தை 3-2 என்று வென்ற ஆட்டத்தின் நடுவே பந்தைக் காலிலேயே தட்டித் தட்டி விளையாட்டுக் காட்டியவர். 31 வயதில் ஓய்வு, அப்புறம் கிளாஸ்கோவில் ஒரு பப். 1994இல் இரண்டு தடவை கல்லீரல் மாற்று சிகிச்சை, 2001இல் மரணம். அவரைப் பற்றிப் பேசினாலும் அந்தப் பந்து தட்டல்தான் முதலில் வருகிறது.

பெஸ்ட்டின் கடைசி இருபது வருடங்களை ரசிகர்கள் வேகமாகக் கடந்துவிடுவார்கள், நானும் அதிகம் நிற்கப்போவதில்லை. 1984இல் குடித்துவிட்டு வண்டி ஓட்டியது, போலீஸ்காரரைத் தாக்கியது ஆகியவற்றுக்காகச் சிறை, கிறிஸ்துமஸும் அங்கேதான். 1990இல் தொலைக்காட்சி நேர்காணலுக்குக் கடும் போதையில் வந்தார். குடித்தால் குமட்டல் வரவைக்கும் மருந்தை வயிற்றில் வைத்துத் தைத்துக்கொண்டார், ஒரு தடவை அல்ல. 2002 ஜூலையில் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் கல்லீரல் மாற்றப்பட்டது. அடுத்த வருடமே மறுபடி குடிக்கிறார் என்ற செய்தி வந்ததும் நாடு கொதித்தது. அரசு மருத்துவமனையில், இறந்துபோன ஒருவர் கொடுத்த உறுப்பு அது, காத்திருந்தவர்கள் வேறு பலர். அந்தக் கோபத்தைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அறுவை சிகிச்சை கல்லீரலைத்தான் மாற்றியது, குடிநோய் இருக்கும் இடம் கல்லீரல் இல்லை. 2005 நவம்பர் 20 அன்று, மஞ்சள் பூத்த முகத்தோடு மருத்துவமனைப் படுக்கையில் இருந்த அவருடைய படம் பத்திரிகையில் வந்தது. என்னைப் போல் சாகாதீர்கள் என்பது செய்தி. வெளியிடச் சொன்னது அவரே. குடியைப் பற்றி அவர் ஜோக் இல்லாமல் பொதுவில் சொன்ன மிகச் சில வார்த்தைகளில் அதுவும் ஒன்று. ஐந்து நாள் கழித்து, 59 வயதில், இறந்தார்.

டிசம்பர் 3 அன்று பெல்ஃபாஸ்ட்டில் நடந்த இறுதி ஊர்வலத்துக்கு ஒரு லட்சம் பேர்வரை மழையில் நின்றதாகக் கணக்கிட்டார்கள். ஸ்டார்மான்ட் சட்டமன்ற மாளிகையில் அஞ்சலி. இந்தக் கூட்டத்தைப் புரிந்துகொள்ள பெல்ஃபாஸ்ட்டைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1969க்குப் பிறகு முப்பது வருடம் அந்த ஊர் உலகச் செய்தியில் வந்தது குண்டுவெடிப்புக்காக. கிழக்கு பெல்ஃபாஸ்ட்டின் புராட்டஸ்டன்ட் குடும்பத்தில் பிறந்த பெஸ்ட்டை, ஊரில் மோதிக்கொண்ட புராட்டஸ்டன்ட், கத்தோலிக்க இரண்டு பக்கமும் தன்னுடையவர் என்று சொல்லிக்கொண்டது. மோதலின் நிழல் அவர்மீதும் விழாமல் இல்லை. 1971 அக்டோபரில் நியூகாஸில் ஆட்டத்துக்கு முன் கொலை மிரட்டல் வந்து, போலீஸ் காவலோடு இறங்கி, ஆட்டத்தின் ஒரே கோலையும் அவரே போட்டார். பெருமையாகச் சொல்லிக்கொள்ள அந்த ஊருக்கு வேறு எதுவும் அதிகமில்லாத காலத்தில் அவர் இருந்தார். அதனால்தான் 2006இல் நகர விமான நிலையத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். அல்ஸ்டர் பேங்க் அவர் படம் போட்ட ஐந்து பவுண்டு நோட்டுகளை வெளியிட்டபோது பத்து லட்சம் நோட்டுகளும் சில நாட்களிலேயே தீர்ந்தன.

மான்செஸ்டரில் நவம்பர் 30 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் நடந்த அஞ்சலிதான் எனக்கு அதிகம் யோசிக்கக் கொடுக்கிறது. எதிரணி, தற்செயலாக, அவர் முதன்முதலில் ஆடிய அதே வெஸ்ட் பிராமிச் ஆல்பியன். அரங்கம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் அவருடைய படத்தை உயர்த்திப் பிடித்தார்கள். அழுதார்கள். அந்தப் போட்டியின் பெயர் கார்லிங் கோப்பை. கார்லிங் ஒரு பீர். லீக் கோப்பைக்கு அந்த நிறுவனம் பணம் கொடுத்துத் தன் பெயரை வைத்திருந்தது. குடியால் இறந்த ஒருவருக்கு பீர் கோப்பையில் அஞ்சலி. அதைப் பெரும்பாலானவர்கள் முரணாகவே பார்க்கவில்லை, ஏனென்றால் பிரீமியர் லீக்கே 1993 முதல் 2001வரை கார்லிங் பெயரில் நடந்தது, லிவர்பூல் சட்டையில் 1992 முதல் 2010வரை கார்ல்ஸ்பெர்க் பீர், ஸ்காட்லாந்தின் செல்டிக், ரேஞ்சர்ஸ் இரண்டு சட்டையிலும் சில வருடங்கள் கார்லிங். மீன் தண்ணீரைக் கவனிக்காதது மாதிரிதான்.

மாற்றம் வராமல் இல்லை. 1986இல் யுனைடெட்டுக்கு வந்த அலெக்ஸ் ஃபெர்குசன் குடிக்கூட்டத்தைக் கலைத்தார். 1989இல் வைட்சைட்டையும் டிஃபெண்டர் பால் மெக்ராத்தையும் விற்றார். மெக்ராத் கதை சுவாரசியமானது, எங்கள் ஹோட்டல் ஜோக் கட்சியும் விதி கட்சியும் இரண்டுமே அதில் திணறும். குடிநோயும் கெட்டுப்போன முழங்கால்களும் இரண்டும் இருந்தவர், ஆஸ்டன் வில்லா அணிக்குப் போய், பெரிதாகப் பயிற்சியே செய்யாமல் ஏழு வருடம் ஆடி, 1993இல் சக ஆட்டக்காரர்கள் தேர்ந்தெடுத்த சிறந்த ஆட்டக்காரர் ஆனார். அவருடைய உடல்நிலைக்கு ஏற்றபடி பயிற்சியை விட்டுக்கொடுத்து, காணாமல் போனால் தேடிப்போய்க் கூட்டிவந்தார்கள். அவர் குணமாகிவிடவில்லை. ஆனால் ஆட்டம் நின்றுவிடவும் இல்லை. 1996 செப்டம்பரில் ஆர்சனல் கேப்டன் டோனி ஆடம்ஸ் தான் ஒரு குடிநோயாளி என்று அணியினர் முன்னால் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு தடவை லீக் பட்டத்தை உயர்த்தினார். 2000இல் விளையாட்டு வீரர்களுக்காக ஸ்போர்ட்டிங் சான்ஸ் என்ற சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார். 1972இல் ஸ்பெயினுக்கு ஓடிப்போன பையனுக்கு இப்படி ஒரு கதவு இருந்திருந்தால் அவன் தட்டியிருப்பான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கதவே இல்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

பின்னர் சட்டைகளில் பீருக்குப் பதிலாகச் சூதாட்டப் பந்தய நிறுவனங்கள் வந்தன. சட்டையின் முன்பக்கத்திலிருந்து அவற்றையும் 2025-26 சீசனோடு எடுத்துவிடுவதாக பிரீமியர் லீக் கிளப்புகள் 2023இல் ஒப்புக்கொண்டன. சட்டைக் கையில் வேறு இடம் இருக்கிறது, மைதான ஓரப் பலகைகள் இருக்கின்றன. அதே 2023இல் பிரென்ட்ஃபோர்ட் அணியின் ஆட்டக்காரர் ஐவன் டோனிக்குப் பந்தய விதிகளை 232 தடவை மீறியதற்காக எட்டு மாதத் தடை. அவருக்குச் சூதாட்ட நோய் இருப்பதை விசாரணைக் குழு மருத்துவர் மூலம் கேட்டு, அதைக் கருதித் தண்டனையைக் குறைத்தது. அப்போது அவருடைய கிளப்பின் சட்டையிலும் ஒரு பந்தய நிறுவனத்தின் பெயர்தான் இருந்தது.